ஏழாந் தலைமுறையின் ஆடல்

பரதநாட்டியத்தின் மறுமலர்ச்சி வரலாற்றை எழுதப் புகுவோர் சபைகளையும், மகாநாடுகளையும், சட்டங்களையும், அவற்றை முன்னின்று நடத்திய பெரியோர்களையுமே எடுத்துரைப்பது வழக்கம். அவ்வரலாறு பொய்யன்று, ஆனால் முழுமையானதும் அன்று. சபைகள் தோன்றுவதற்கு முன்னரே அக்கலையைத் தம் இல்லங்களிலே வைத்துக் காத்த பெண்டிர் இருந்தனர். தாய் மகளுக்கும், பாட்டி பேர்த்திக்குமாக அவர்கள் ஒப்படைத்த செல்வமே பின்னர் மேடையேறிப் புகழ் பெற்றது. கொடுத்தவர் பெயர் மறைய, பெற்றுக்கொண்டவர் பெயர் விளங்கியது. இம்முறைகேட்டுக்கு ஒரு விலக்காக நின்றவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார். தம் குலத்தின் பெயரை மறைக்காமலும், தம் கலையின் உருவை மாற்றாமலும், உலகம் முழுவதையும் தம்மிடம் வரச் செய்த அப்பெருமாட்டியின் வாழ்க்கையை எம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணத்தினாலேயே இதனை எழுதுகின்றேன்.

வேரும் விழுதும்

பாலசரஸ்வதி 1918ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி சென்னையிலே பிறந்தார். பிறந்த இடம் சென்னையாயினும் அவர் குடும்பத்தின் வேர் தஞ்சையிலே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே தஞ்சை அரசவையில் ஆடியும் பாடியும் புகழ்பெற்ற பாப்பம்மாள் என்பவரிடமிருந்து அக்குடும்பத்தார் தம் மரபை எண்ணுவர். அவ்வரிசையில் ஏழாந் தலைமுறையினர் பாலசரஸ்வதி. இடையிலே வந்த காமாட்சி அம்மாள் அரசவை நர்த்தகியாய் விளங்கினார். அவர் மகள் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் மைந்தராகிய சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடங் கேட்ட இசைவாணி. சுந்தரம்மாளின் மகளே வீணை தனம்மாள்.

இக்குடும்பம் தஞ்சையை விட்டுச் சென்னைக்கு வந்ததன் காரணம் ஒரு தனி வீட்டின் கதை மட்டுமன்று. 1855இலே தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார். ஆங்கிலக் கம்பெனியார் அவ்வரசைத் தமதாக்கிக் கொண்டனர். அரசவை மறைந்தது, அதனை நம்பி வாழ்ந்த பாடகரும் ஆடலரும் நட்டுவனாரும் புதிய புரவலரைத் தேடவேண்டியவராயினர். வணிகரும் உத்தியோகத்தரும் செல்வம் திரட்டிய சென்னைப் பட்டினமே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. அவ்வாறு இடம்பெயர்ந்த கலைக் குடும்பங்களுள் மிகுந்த செழுமை பெற்றது தனம்மாளின் குடும்பம்.

தனம்மாளைப் பற்றி ஒரு சொல் கூறாமல் அவர் பேர்த்தியைப் பற்றிப் பேசுதல் இயலாது. 1867இலே பிறந்த அவர், சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளையும், பாலதாஸ் நாயுடுவிடம் க்ஷேத்திரக்ஞரின் பதங்களையும் கற்றார். விரலில் மீட்டுகருவி அணியாது, நகத்தினாலேயே நரம்பைத் தொட்டு அவர் எழுப்பிய ஒலி மிக மெலியது. ஜோர்ஜ் டவுனில் அமைந்த அவர் இல்லத்திலே வெள்ளிக்கிழமை மாலைகளில் நடைபெற்ற வாசிப்பைக் கேட்கச் சங்கீத வித்துவான்களே வந்து அமர்வர். மூச்சுவிடும் ஓசையும் அங்கே இரைச்சலாகக் கருதப்படும். பிற்காலத்தில் அம்மூதாட்டி கண்ணொளி இழந்தார். வறுமையும் அவரை விட்டபாடில்லை. எனினும் தம் இசையை ஊருக்கேற்ப மலிவாக்க அவர் ஒருநாளும் இசைந்தாரில்லை. பாலசரஸ்வதியின் பிற்கால உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்போருக்கு அந்த வெள்ளிக்கிழமை மாலைகளையே நான் காட்டுவேன்.

தனம்மாளுக்குப் பெண்மக்கள் நால்வர். அவருள் ஒருவராகிய ஜெயம்மாளே பாலசரஸ்வதியின் அன்னை. மற்றொருவராகிய காமாட்சியின் மக்களே பின்னாளிலே பதம் பாடுவதிற் புகழ்பெற்ற பிருந்தா, முக்தா சகோதரிகள். பாலசரஸ்வதியின் தம்பியருள் இரங்கநாதன் மிருதங்க வித்துவானாகவும், திருப்பாம்புரம் சுவாமிநாதபிள்ளையிடம் பயின்ற விசுவநாதன் புல்லாங்குழல் வித்துவானாகவும் சிறந்தனர். இவ்வளவு இசை சூழ்ந்த வீட்டிலே ஆடல் மட்டும் இல்லை. தனம்மாள் வீணையையும், ஜெயம்மாள் வாய்ப்பாட்டையும் தம் வழியாகக் கொண்டனர். காமாட்சி அம்மாளோடு அக்குடும்பத்தின் கால்கள் ஓய்ந்துவிட்டனவோ என்று எண்ணத்தக்க நிலை.

தெருவில் ஆடிய குழந்தை

அந்நிலையிலேதான் அக்குழந்தை ஆடத் தொடங்கியது. வீட்டு வாயிலுக்கு ஆடிக்கொண்டு வரும் சித்தங் கலங்கிய ஏழையொருவனைக் கண்டு, அவனைப் போலவே தானும் ஆடி மகிழ்ந்தாள் சிறுமி பாலா என்று அவர் வாழ்க்கையைக் கூறுவோர் எழுதுவர். யாரும் கற்பித்திலர், யாரும் தூண்டினாரும் அல்லர். இசையைக் கேட்டால் உடல் அசைய வேண்டும் என்பது அக்குழந்தைக்கு இயல்பாய் அமைந்திருந்தது.

ஜெயம்மாள் மகளின் விருப்பத்தைக் கண்டு மகிழ்ந்தார். ஆயினும் அதனை நிறைவேற்றுவது எளிதாயிருக்கவில்லை. ஆடும் பெண்டிரை இழிவாக நோக்கும் மனப்பான்மை படித்தவரிடையே வலுத்துவந்த காலம் அது. சதிர் என்று வழங்கிய அவ்வாடலுக்கு எதிராகப் பல ஆண்டுகளாகவே ஓர் இயக்கம் நடந்துவந்தது. பாட்டுப் பாடி மதிப்போடு வாழக்கூடிய ஒரு பெண்ணை ஏன் இகழ்ச்சிக்குரிய துறையிலே விடவேண்டும் என்ற தயக்கம் குடும்பத்திலேயே எழுந்தது. ஜெயம்மாளின் உறுதியே வென்றது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த கௌரி அம்மாளின் ஆடலும் அச்சிறுமியின் உள்ளத்தை ஈர்த்துத் துணைசெய்தது. பின்னர் அபிநயத்திலே வழிகாட்டியவர்களுள் கௌரி அம்மாளும் ஒருவர். பெண்ணொருத்தி ஆடக் கண்டே இன்னொரு பெண் ஆட விழைகின்றாள். சாத்திர நூல் அதற்கு ஈடாகாது.

நான்கு வயதளவிலே பாலா, கந்தப்பபிள்ளை என்னும் நட்டுவனாரிடம் ஒப்படைக்கப்பட்டாள். தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் மரபிலே வந்தவர் கந்தப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வாழ்ந்த அந்நால்வரே அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று மேடையில் நாம் காணும் நிகழ்ச்சி ஒழுங்கை வகுத்தவர்கள். ஆடியவரின் மரபிலே வந்த பெண்ணும், ஆட்டுவித்தவரின் மரபிலே வந்த ஆசானும் ஓரிடத்திற் கூடியமை தமிழிசையின் நற்பேறு என்றே சொல்லவேண்டும்.

கந்தப்பர் கண்டிப்பே வடிவானவர். அடவு ஒன்று செம்மையாகும்வரை அடுத்ததற்குப் போகவிடார். கால் தாளத்திலே நிற்கவேண்டும். உடல் வளைய வேண்டும். முகம் வாடக் கூடாது. குழந்தைப் பருவத்தின் விளையாட்டு நேரமெல்லாம் தட்டுக்கழியின் ஓசையிலே கழிந்தன. இத்தகைய பயிற்சியை இன்றைய கல்வியாளர் பலர் ஏற்கமாட்டார். நானும் அதனை முழுதும் ஏற்பவன் அல்லேன். ஆனால் அப்பயிற்சியின் மற்றொரு பக்கத்தையும் நோக்கவேண்டும். வகுப்பு முடிந்து வீடு திரும்பினால் அங்கே பாட்டியின் வீணை, அன்னையின் பாட்டு, பெரியம்மை, சித்தியரின் பதங்கள். கால் களைத்தபோது காது கற்றது. இவ்விரண்டு கல்வியும் ஒருங்கே கிட்டியதனாலேயே பின்னாளிலே பாலசரஸ்வதி ஆடும்போது தாமே பாடினார். பாடலின் ஒவ்வோர் அசைவும் கண்ணிலும் கையிலும் தோன்றியது.

1925ஆம் ஆண்டிலே, ஏழு வயதுச் சிறுமியாய் இருக்கையில், காஞ்சிபுரத்து அம்மன் கோயிலொன்றிலே அவருடைய அரங்கேற்றம் நடைபெற்றது. பல ஆண்டுகளாக ஓய்ந்திருந்த அக்குடும்பத்தின் சலங்கை மீண்டும் ஒலித்தது.

புகழும் புயலும்

அடுத்த பத்து ஆண்டுகளும் பாலசரஸ்வதியின் வளர்ச்சியையும் அவர் குலத்தின் வீழ்ச்சியையும் ஒருங்கே கண்டவை. 1928இலே சென்னை சங்கீத வித்வத் சபை தொடங்கப்பெற்றது. வழக்கறிஞராகிய ஈ. கிருஷ்ண ஐயர் நாட்டியக் கலைக்காக அஞ்சாது வாதாடினார். 1930களின் தொடக்கத்திலே சபை மேடையிலே சதிர் நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. இளமங்கையாகிய பாலசரஸ்வதியும் 1933இலே அம்மேடையில் ஆடினார். 1934இலே கல்கத்தாவிலே நடைபெற்ற இசை மகாநாட்டில் அவர் ஆடியபோது, தென்னாட்டின் இவ்வாடலை வடநாட்டார் நேரிற் காணும் வாய்ப்பைப் பெற்றனர். நாட்டியப் பேரறிஞர் உதயசங்கர் அவர் கலையின் உயர்வை உணர்ந்து போற்றினார். சின்னையா நாயுடுவும், கூசிப்பூடி மரபிலே வந்த வேதாந்தம் இலட்சுமிநாராயண சாஸ்திரிகளும் அபிநயத்தின் நுட்பங்களை அவருக்குப் போதித்தனர். ஒரே வரியைப் பல்வேறு வகையாக, முன்னே எண்ணி வையாது, மேடையிலேயே கற்பனை செய்து விரிக்கும் ஆற்றல் இவர்கள் வழியாகவே அவருக்கு வாய்த்தது.

அதே காலத்திலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையிலே முயன்றுவந்தார். அவ்வழக்கத்தின் பேரால் இளம்பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் மெய்யானவை; அவற்றை ஒழிக்க முனைந்த அம்மையாரின் நோக்கமும் தூயது. 1947இலே அச்சட்டம் நிறைவேறியது. ஆனால் தீமையை எரிக்க மூட்டிய நெருப்பிலே கலையும் சேர்ந்து எரிந்தது என்பதை மறுத்தல் இயலாது. கோயில் மானியமும் திருமண வீட்டு அழைப்புகளும் அற்றுப் போயின. பரம்பரை பரம்பரையாக ஆடியவர்களின் பெண்கள், தாம் அக்குலத்தவர் என்று சொல்லவே கூசினர்.

மறுபுறத்திலே, 1935இலே உருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறினார். அடுத்த ஆண்டிலே கலாக்ஷேத்திரம் தோன்றியது. உயர்குலப் பெண்கள் ஆடத் தொடங்கினர். சதிர் என்ற பெயர் வழக்கொழிந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றது. உருக்மிணி தேவியார் அக்கலைக்குச் செய்த தொண்டு பெரிது. எனினும் சிருங்காரச் சுவையை அவர் ஐயத்தோடு நோக்கினார். அதனை ஒதுக்கிப் பக்திச் சுவையை முன்வைத்தலே கலையைத் தூய்மையாக்கும் வழி என்று கருதினார். பாலசரஸ்வதி இக்கருத்தை ஏற்கவில்லை. முன்னமே தூய்மையானதை யார் தூய்மைப்படுத்த வேண்டும் என்பது அவர் கேள்வியின் சாரம். அவர் உள்ளத்திலே பக்தியும் சிருங்காரமும் இரண்டாக இருக்கவில்லை. ஆழ்வாரும் நாயன்மாரும் தம்மைத் தலைவியாகப் பாவித்து இறைவனை நினைந்து உருகிய தமிழ்ப் பண்பாட்டிலே, காதற் சுவை கடவுளிடம் செல்லும் வழிகளுள் ஒன்று என்பதை நம் இலக்கிய மாணவர் நன்கு அறிவர்.

இவ்வாதத்திலே அவர் எதனைப் பணயமாக வைத்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு சுவையை விட்டுக்கொடுத்திருந்தால் சபைகளின் ஆதரவு எளிதிற் கிட்டியிருக்கலாம். தம் குலத்தை மறைத்திருந்தால் ஏச்சும் குறைந்திருக்கலாம். ஆனால் பாட்டியிடமிருந்து வந்த பதங்களைப் பழிப்புக்குரியவை என்று ஒப்புக்கொண்டால், பாட்டியையே பழித்ததாகும். பாலசரஸ்வதி அதற்கு உடன்படவில்லை.

இருண்ட ஆண்டுகள்

1938இலே தனம்மாள் மறைந்தார். அக்காலத்திலேயே கந்தப்பர், உதயசங்கர் இமயமலைச் சாரலிலே அல்மோராவில் நிறுவிய கலை நிலையத்திற் கற்பிக்கச் சென்றார். அங்கிருந்து மீண்ட அவர் 1941இலே காலமானார். இருபத்து மூன்று வயதிலே பாலசரஸ்வதி, ஆசானும் பாட்டியும் இல்லாதவராய் நின்றார். நட்டுவனாரின் தட்டுக்கழியே ஆடும் பெண்ணின் மூச்சு என்று கருதும் மரபிலே இவ்விழப்பு எத்தகையது என்பதை நாட்டியம் பயில்வோர் உணர்வர்.

பிற்காலத்திலே சுதந்திர இந்தியாவின் முதலாவது நிதியமைச்சராய் விளங்கிய சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் 1936 முதல் அவர் வாழ்க்கைத் துணையாய் இருந்தார். சமூகம் மணவாழ்வென்று ஏற்றுக்கொள்ளாத உறவு அது. 1943இலே அவர்களுக்கு இலட்சுமி என்னும் மகள் பிறந்தார். உடல்நலக் குறைவு, உடற்பருமன், வாய்ப்பின்மை ஆகிய யாவும் சேர்ந்து 1940களிலே பாலசரஸ்வதியின் மேடை நிகழ்ச்சிகளை அருகச் செய்தன. அவர் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணியோர் பலர்.

மனிதன் தன்னை அறிவது வெற்றியிலே அன்று, இத்தகைய வெறுமையிலேதான் என்பது என் கருத்து. குழந்தையாய் இருந்தபோது ஆடல் அவருக்கு இயல்பாய் வந்தது. சிறுமியாய் இருந்தபோது ஆசான் ஆட்டுவித்தார். இளமங்கையாய் இருந்தபோது ஊர் ஆட அழைத்தது. இயல்பும் ஆசானும் ஊரும் கைவிட்ட பின்னரும் ஆடவேண்டுமா என்ற வினா இப்போதுதான் அவர் முன் எழுந்தது. அக்காலத்திலே திருத்தணிகை முருகன் சந்நிதியில், காண்போர் எவருமின்றி, அவர் தனியே ஆடி வழிபட்டார் என்று அவர் வரலாற்றிலே கூறப்படுகின்றது. சட்டம் கோயிலாடலைத் தடுத்திருந்த நாட்களிலே நிகழ்ந்த அவ்வழிபாடு, புகழுக்காகவும் பொருளுக்காகவும் செய்யப்பட்டதன்று. ஏழு தலைமுறையின் சொத்தாக வந்த கலை அங்கேதான் அவருடைய சொந்தக் கலையாயிற்று என்று நான் கருதுகின்றேன்.

மீட்சி

1950களிலே நிலைமை மாறத் தொடங்கியது. கந்தப்பரின் மைந்தர் கணேசன் நட்டுவாங்கத்தை ஏற்றார். அன்னை ஜெயம்மாள் பின்னின்று பாடினார். மகள் அடுத்து எந்தக் கற்பனைக்குப் போவாள் என்பதை அன்னையின் குரல் முன்னறிந்தது போலவும், அன்னை எந்தச் சங்கதியைத் தொடுவாள் என்பதை மகளின் கண் முன்னறிந்தது போலவும் அவ்வாடல் அமைந்தது என்பர். ஒருவரி மீண்டும் மீண்டும் பாடப்படும். ஒவ்வொரு முறையும் பொருள் புதிதாய்ப் பிறக்கும். தலைவி நாயகனைக் கடிவாள். கடிந்த அக்கணமே வருந்துவாள். வருந்தியதை மறைக்கச் சிரிப்பாள். உடல் பருத்திருந்தது, வயது ஏறியிருந்தது என்பவற்றையெல்லாம் அவையோர் மறந்தனர்.

1953இலே, வடமொழிப் பேரறிஞர் டாக்டர் வே. இராகவனின் முயற்சியால், சங்கீத வித்வத் சபையின் ஆதரவிலே அவர் நாட்டியப் பள்ளியொன்றைத் தொடங்கினார். மாணவர் தொகை சிறிது. விரைவிலே மேடையேற விரும்புவோருக்கு அங்கே இடமில்லை. அடவுகளோடு பாட்டும் கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1959இலே அவரும் இராகவனும் சேர்ந்து பரதநாட்டியம் என்ற தமிழ் நூலை வெளியிட்டனர். சாத்திரம் அறிந்தவரும் பயிற்சி அறிந்தவரும் ஒன்றுகூடி எழுதிய அந்நூல் மாணவர்க்கு அரிய துணை. இத்தகைய கூட்டு முயற்சிக்கு முன்னோடியாக, கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள், துக்கிரால கோபாலகிருஷ்ணய்யாவோடு சேர்ந்து அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1917இலே வெளியிட்டமையை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். அடுத்த ஆண்டிலே பிறந்த ஒரு குழந்தையே அந்நூல் கூறும் அபிநயத்துக்கு உயிருள்ள உரையாக விளங்கப் போகின்றது என்பதை எவர் கண்டார்!

1955இலே சங்கீத நாடக அக்கடமியின் விருதும், 1957இலே பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. இகழப்பட்ட குலத்தின் மகள், தன்னை மறைக்காமலே, நாட்டின் மதிப்பைப் பெற்றார்.

கடல் கடந்து

1961இலே யப்பானின் தலைநகராகிய ரோக்கியோவிலே கீழைத்தேய, மேலைத்தேய இசைக் கலைஞர் கூடிய மகாநாட்டில் அவர் ஆடினார். 1962இலே ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று, டெட் ஷோன் நிறுவிய ஜேக்கப்ஸ் பில்லோ நாட்டிய விழாவிலே தோன்றினார். 1963இலே எடின்பரோ விழாவிலும் அவர் ஆடல் இடம்பெற்றது. மார்த்தா கிரகாம், மேர்ஸ் கன்னிங்காம் போன்ற மேலைநாட்டு ஆடற் பேரறிஞர்கள் அவரைப் பெரிதும் மதித்தனர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும், கலிபோர்னியாவிலே நடைபெற்ற கோடைகால வகுப்புகளிலும் அவர் பல முறை கற்பித்தார். தம்பியர் இரங்கநாதனும் விசுவநாதனும் வெஸ்லியனிலேயே ஆசிரியராய் அமர்ந்து தென்னாட்டிசையை அங்கே வேரூன்றச் செய்தனர்.

மொழி அறியார், புராணம் அறியார், இராகம் அறியார் ஆகிய அவையோர் முன் ஆடும்போது நிகழ்ச்சியை எளிதாக்கிக் கொள்ளும் ஆசை எவருக்கும் எழும். பதத்தைச் சுருக்கி, விரைந்த தாளத்தைக் கூட்டி, கைதட்டல் பெறலாம். பாலசரஸ்வதி சென்னையில் ஆடியதையே நியூயோர்க்கிலும் ஆடினார். குழந்தைக் கண்ணனை அன்னை அழைக்கும் கன்னடப் பாடலுக்கு அவர் அபிநயம் செய்தபோது, கண்ணன் யாரென்று அறியாதவரும் ஒரு தாயைக் கண்டனர். தன் ஊரின் தன்மையிலே ஆழ்ந்து நிற்கும் கலையே பிற ஊராரையும் தொடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கோயிலாய் அமைந்த கச்சேரி

1973இலே சங்கீத வித்வத் சபை அவருக்குச் சங்கீத கலாநிதி என்னும் பட்டத்தை வழங்கியது. இசைவாணருக்கே உரிய அப்பட்டம் ஆடற் கலைஞர் ஒருவருக்குக் கிடைத்தமை வியப்பன்று. அவர் ஆடல் இசையே உருவெடுத்ததாய் இருந்தது. 1975இலே தமிழிசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் அளித்தது. அவ்விழாவிலே அவர் நிகழ்த்திய தலைமையுரை, பரதம் பற்றித் தமிழிலே எழுந்த சிந்தனைகளுள் மிக உயர்ந்த ஒன்று. அதன் கருத்தை என் சொற்களிலே தருகின்றேன்.

நாட்டியக் கச்சேரியின் ஒழுங்கு ஒரு பெருங்கோயிலின் அமைப்பை ஒத்தது. அலாரிப்பு கோபுர வாயில். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம். சப்தத்திலே முதன்முறையாகச் சொல் நுழைகின்றது. அது பெரிய மண்டபம். வர்ணத்திலே நாம் இறைவனின் சந்நிதியை அடைகின்றோம். ஆடலுக்கும் அபிநயத்துக்கும் அங்கே இடம் விரிந்து கிடக்கின்றது. பதமோ கருவறை. அங்கே மேளமும் தாளமும் அடங்குகின்றன. இருள் சூழ்ந்த அச்சிறு இடத்திலே பக்தனும் இறைவனும் மட்டுமே. தில்லானா, மணிகள் முழங்கக் கற்பூரம் காட்டும் நேரம். இறுதியிலே, புறத்தே கண்ட தெய்வத்தை நெஞ்சகத்தே வைத்து அடியவன் வெளியேறுகின்றான்.

சிருங்காரப் பதத்தை ஒழிக்கவேண்டும் என்றோருக்கு இவ்வுவமையே அவர் தந்த விடை. பதம் கருவறையென்றால், அதனை நீக்கிய கச்சேரி மூர்த்தியில்லாத கோயில் ஆகும். நாற்பது ஆண்டுக்கால வாதத்தை அவர் சினமின்றி, எவர் பெயரையும் இகழாது, ஓர் உவமையினால் முடித்துவைத்தார். தஞ்சை நால்வர் வகுத்த ஒழுங்கிலே யாரும் விளக்கிக் கூறாது கிடந்த பொருளை, அதனை ஆயிரம் முறை ஆடிய உடலே கண்டு கூறியது என்பது என் துணிபு.

இறுதி ஆண்டுகள்

வங்கத்துத் திரைப்பட மேதை சத்தியஜித் ராய், சிறுவனாய் இருந்தபோது கல்கத்தாவிலே பாலசரஸ்வதியின் ஆடலைக் கண்டவர். அந்நினைவு அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. 1976இலே அவர் பாலா என்னும் விவரணத் திரைப்படத்தை ஆக்கினார். அம்மையார் ஐம்பத்தெட்டு வயதை அடைந்திருந்தார். இளமையின் ஆடலைப் பதிவு செய்யாது விட்டமை நமக்கு நேர்ந்த பேரிழப்பே. ஆயினும் கடற்காற்று சேலையை அலைக்க, கரையிலே நின்று கண்ணனை அழைக்கும் அவ்வுருவத்தைத் திரையிலாவது காணும் பேறு நமக்குக் கிட்டியது.

1967இலே அன்னை ஜெயம்மாளை இழந்த பின்னரும், உடல் தளர்ந்த பின்னரும் அவர் கற்பித்தலை விடவில்லை. மகள் இலட்சுமி வளர்ந்த வயதிலே ஆடலை மேற்கொண்டு எட்டாந் தலைமுறையாய் நின்றார். 1977இலே பத்மவிபூஷண் விருது வந்தது. 1984ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆந் திகதி சென்னையிலே பாலசரஸ்வதி அம்மையார் மறைந்தார். மகள் இலட்சுமியும் 2001இலே காலமாகிவிட்டார். பேரன் அனிருத்தன் அம்மரபை மேடையேற்றி ஒன்பதாந் தலைமுறையைக் காட்டினார்.

ஒருவர் பிறக்கும்போதே பெற்றுவரும் மரபு வேறு. அதனைத் தாமே தேர்ந்து தமதாக்கிக்கொள்ளும் மரபு வேறு. முன்னையது பாலசரஸ்வதிக்குத் தொட்டிலிலேயே கிடைத்தது. பின்னையதற்கு அவர் முப்பது ஆண்டுகள் விலை கொடுத்தார். அவருடைய உறவினர் பலருக்கும், அவர் குலத்துப் பெண்கள் நூற்றுக்கணக்கானோருக்கும் அதே பிறப்புரிமை இருந்தது. ஆனால் காலத்தின் பழிச்சொல் அவர்களை வாய்மூடச் செய்தது. அவர் ஒருவர் தப்பிப் பிழைத்தமைக்கு மகிழும் நாம், மறைந்துபோன மற்றையோரையும் எண்ணுதல் கடன். அவர்களுள் எத்தனை பேரிடம் எத்தனை பதங்கள் இருந்தனவோ, அவையெல்லாம் அவர்களோடு போயின.

நம் நாட்டுப் பாடசாலைகளிலே பரதம் ஒரு பாடமாய்க் கற்பிக்கப்படுகின்றது. பரீட்சைக்காக முத்திரைகளின் பெயரை மனனஞ் செய்யும் மாணவிகள் பலர். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்றை விண்ணப்பித்து இதனை முடிக்கின்றேன். அரங்கேற்றத்துக்கு அவசரப்படுத்தாது, முதலிலே ஒரு பதத்தையேனும் முழுமையாகப் பாடக் கற்பியுங்கள். அதன் பொருளை வீட்டிலே அன்னையிடமும் பாட்டியிடமும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வாறு பாடத் தெரிந்த பின்னர் கை எங்கே உயரவேண்டும் என்பதை அப்பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.